வீட்டில் காற்றுத் துப்பாக்கி: விளையாட்டா, வினையா?

(தோட்ட மண்டபம் ஒன்றில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகலெல்லாம் உழைத்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இங்கே கூடியிருக்கின்றீர்கள். உங்கள் நேரம் வீணாகாதவாறு, உங்கள் வீட்டோடும் பிள்ளைகளோடும் தொடர்புடைய ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதுதான் காற்றுத் துப்பாக்கி. மலாய் மொழியில் இதனைச் 'செனாப்பாங் அங்கின்' என்பார்கள்.

"இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வெடிமருந்து இல்லை, புகை இல்லை, பெரிய ஓசையும் இல்லை. குருவி அடிக்கும் கருவிதானே?" என்று சிலர் எண்ணக்கூடும். கவணுக்கு அடுத்த படியில் உள்ள விளையாட்டுப் பொருள் என்றே அதனைப் பலர் கருதுகின்றனர். நம் நாட்டுச் சட்டமோ அவ்வாறு கருதவில்லை. மருத்துவமனையில் கண்ணைப் பறிகொடுத்துப் படுத்திருக்கும் சிறுவனின் தாயும் அவ்வாறு கருதமாட்டாள். இக்கருவி எப்படி வேலை செய்கிறது, சட்டம் அதனைப் பற்றி என்ன கூறுகிறது, வீட்டில் ஒன்று இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

காற்றின் வலிமை

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்று குண்டைத் தள்ளுகிறது. சிலவற்றில் வலுவான சுருள்வில் ஒன்று இருக்கும். குழலை மடக்கி நிமிர்த்தும்போது அவ்வில் சுருங்கி நிற்கும். விசையை இழுத்தவுடன் அது பாய்ந்து, தன் முன்னுள்ள காற்றை நொடிப்பொழுதில் நெருக்கும். நெருக்குண்ட காற்று ஈயக் குண்டைக் குழலின் வழியே வெளியே எறியும். வேறு சிலவற்றில் கையால் இயக்கும் பம்பு உண்டு. கரியமில வாயு அடைத்த சிறு குப்பிகளைக் கொண்டவையும், முன்கூட்டியே காற்றடைத்த கலத்தைக் கொண்டவையும் உள்ளன. முறை எதுவாயினும் அடிப்படை ஒன்றே.

பெரும்பாலும் பயன்படும் ஈயக் குண்டுகள் இரண்டு அளவுகளில் வருகின்றன. ஒன்று 4.5 மில்லிமீட்டர், மற்றொன்று 5.5 மில்லிமீட்டர். பச்சைப் பயறளவே உள்ள அந்தக் குண்டைக் கையில் வைத்துப் பார்ப்பவர், "இதுவா கொல்லும்?" என்று சிரிக்கலாம். ஆனால் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இத்துப்பாக்கிகளில் பல, நொடிக்கு 150 முதல் 300 மீட்டர் வரையிலான வேகத்தில் குண்டை வெளியேற்றுகின்றன. நொடிக்கு 250 மீட்டர் என்றால் மணிக்கு 900 கிலோமீட்டர்! வானத்தில் பறக்கும் பயணிகள் விமானத்தின் வேகம் அது. அவ்வேகத்தில் வரும் ஈயத்துக்கு முன்னால் கண்விழி எம்மாத்திரம்? குழந்தையின் மெல்லிய மண்டை ஓடு எம்மாத்திரம்? அண்மையிலிருந்து பாயும் குண்டு தோலைத் துளைக்கும், தசைக்குள் புகும், மார்பிலோ வயிற்றிலோ பட்டால் உள்ளுறுப்புகளையும் சேதப்படுத்தும். காற்றுத் துப்பாக்கியால் உயிரிழந்தவர்கள் உலகின் பல நாடுகளிலும் உண்டு.

நம் தோட்டச் சூழலில் இன்னோர் அபாயமும் உண்டு. பொழுது புலருமுன்னரே நெற்றி விளக்குடன் பால் மரம் வெட்டச் செல்பவர்கள் நீங்கள். ஒருவருக்கொருவர் கண்ணுக்குத் தெரியாதபடி நிரைகளிடையே பிரிந்து நின்று வேலை செய்கிறீர்கள். கிளையில் அசையும் ஏதோ ஒன்றைக் குறிபார்த்து ஒருவன் சுட்டால், தவறிய குண்டு அங்கேயே விழுந்துவிடுவதில்லை. அது சில நூறு மீட்டர் வரை செல்லவல்லது. கல்லிலோ இரும்பிலோ பட்டால் திசைமாறித் தெறிக்கும். அடுத்த நிரையில் குனிந்து நிற்கும் பெண்ணை அந்தக் குண்டு அறியாது. சுட்டவனும் அவளை அறியான்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மையான சட்டம் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆகும். 'சட்டம் 206' என்று அதற்கு எண்ணிட்டிருக்கிறார்கள். 'ஆயுதம்' என்பது எது என்று அச்சட்டம் விளக்குமிடத்தில், உயிருக்கு ஊறு செய்யவல்ல குழல் கொண்ட எவ்வகைக் கருவியும் அடங்கும் என்று கூறுகிறது. அத்தோடு நிறுத்தாமல், காற்றுத் துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. எனவே, "இது துப்பாக்கியே அல்ல" என்னும் வாதத்துக்கு நம் நாட்டில் இடமில்லை.

மேலும், ஆயுதத்தின் உறுப்புகளும் ஆயுதமாகவே கொள்ளப்படும். குழலை மட்டும் தனியே வாங்கி வைத்திருப்பதும், ஓசையைக் குறைக்கும் இணைப்பை வைத்திருப்பதும் சட்டத்தின் பார்வைக்குத் தப்பா. "கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன், அது இப்போது வெறும் இரும்பு" என்று சொல்வதால் பயன் இல்லை.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமமோ அனுமதியோ இன்றி எவரும் ஆயுதத்தை வைத்திருக்கவோ, ஏந்திச் செல்லவோ, பயன்படுத்தவோ கூடாது என்கிறது. இம்மூன்றும் தனித்தனியானவை. சுடவில்லை என்பதால் ஒருவர் குற்றமற்றவராகிவிடமாட்டார். வைத்திருப்பதே குற்றம். உரிமமின்றி வைத்திருந்ததாக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால் 8ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இத்தொகையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். பத்தாயிரம் ரிங்கிட் என்பது, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும், ஏறக்குறைய ஆறு மாத ஊதியம் ஆகும். அபராதமே இப்படி என்றால், குடும்பத் தலைவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தால் அந்த வீட்டின் நிலை என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதனோடு 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டமும் இருக்கிறது. அதன் எண் 37. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. காட்டு விலங்குகளைச் சுடுவதற்காக இரும்புக் குழாய்களைக் கொண்டு வீட்டிலேயே துப்பாக்கி செய்து வைத்திருந்தவர்கள் மீது இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டதுண்டு. ஆயுதங்களை அனுமதியின்றித் தயாரிப்பதற்கான தண்டனையோ, வைத்திருப்பதற்கான தண்டனையினும் கடுமையானது. ஆகவே, குழாயும் வாயுக் குப்பியும் கொண்டு 'நாமே ஒன்று செய்து பார்ப்போம்' என்று புறப்படும் இளைஞர்கள், அது கைத்திறன் அன்று, பெருங்குற்றம் என்பதை உணர வேண்டும்.

ஏன் இவ்வளவு கடுமை?

"சிறிய கருவிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதற்கு நம் நாட்டின் வரலாற்றில் விடை இருக்கிறது. 1948ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் அவசரகாலம் நடப்பில் இருந்தது. அக்காலத்தில் தோட்டங்களே போர்முனைகளாக இருந்தன. லயங்களைச் சுற்றி முள்வேலி இடப்பட்டது. ஊரடங்கு விதிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குத் தண்டனை என்று அவசரகால விதிகள் கூறின. உங்கள் பாட்டன் பாட்டிமார்களில் பலர் அந்நாள்களைக் கண்டவர்கள்.

1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதே ஆண்டில்தான் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. போர் ஓய்ந்த நாட்டில் ஆயுதம் மக்களின் வீடுகளில் தேங்கிவிடக் கூடாது. யாரிடம் எது இருக்கிறது என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் இன்றும் மாறவில்லை. பல இன மக்கள் கூடி வாழும் நாட்டில், சண்டை சச்சரவு நேரும்போது கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாதிருப்பது நம் அனைவருக்கும் பாதுகாப்பே அன்றோ?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள்

காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சில காரணங்களைக் கூறுவதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதலாவது: "இது என்னுடையது அல்ல, நண்பர் கொடுத்து வைத்தது." உடைமை என்பது விலை கொடுத்து வாங்குவது மட்டுமன்று. பொருள் இன்னதென்று அறிந்து, அதனைத் தன் பொறுப்பில் வைத்திருந்தாலே ஒருவர் அதனை உடையவராகக் கருதப்படலாம். உங்கள் அலமாரியில் உங்கள் அறிவோடு இருக்கும் துப்பாக்கிக்கு நீங்களே பதில் சொல்ல நேரிடும். நட்புக்காக எதையும் கொடுக்கலாம். சிறையைப் பங்கிட்டுக் கொள்ளலாகாது.

இரண்டாவது: "இணையத்தில் வெளிப்படையாக விற்கிறார்கள். சட்டவிரோதம் என்றால் எப்படி விற்பார்கள்?" விற்பவர் எந்த நாட்டில் அமர்ந்து விற்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. அந்நாட்டில் அது அனுமதிக்கப்பட்டிருக்கலாம். பொதி நம் நாட்டுக்குள் வரும்போது சுங்கச் சோதனைக்கு உள்ளாகும். அதன்மேல் எழுதப்பட்டிருப்பது விற்றவர் பெயரன்று. உங்கள் பெயரும் முகவரியுமே. அண்டை நாட்டின் எல்லைப் பட்டணங்களுக்குச் சென்று வருபவர்களுக்கும் இது பொருந்தும். கடையில் எளிதாகக் கிடைத்தது என்பதால் எல்லையைக் கடந்து கொண்டுவரும் உரிமை கிடைத்துவிடாது.

மூன்றாவது: "தமிழ்நாட்டில் கடற்கரையிலேயே பலூன் சுடுகிறார்களே!" உண்மைதான். சென்னை மெரினாக் கடற்கரையில் பலகையில் வரிசையாகப் பலூன்களைக் கட்டி, காற்றுத் துப்பாக்கியால் சுடவிடும் கடைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் ஆற்றல் குறைந்த சிலவகைக் காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. அது அந்நாட்டுச் சட்டம். நாம் வாழ்வது மலேசியாவில். நமக்குரியது மலேசியச் சட்டம். உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பும்போது அன்பளிப்பாகக் கிடைத்தாலும் அதனைக் கொண்டுவர எண்ணாதீர்கள்.

நான்காவது: "இது சுடவே சுடாது, வெறும் பொம்மை." உண்மைத் துப்பாக்கியின் தோற்றம் கொண்ட போலித் துப்பாக்கிகளுக்கும் ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. 36ஆம் பிரிவின்படி அனுமதியின்றிப் போலி ஆயுதம் வைத்திருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இருட்டில் அதனை நீட்டுபவனின் கையில் இருப்பது பொம்மையா உண்மையா என்பதை எதிரே நிற்பவர் எப்படி அறிவார்? பிள்ளைகளுக்குப் பண்டிகைப் பரிசு வாங்கும் பெற்றோர், அசலைப் போலவே கறுப்பு நிறத்திலும் உருவத்திலும் அமைந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஐந்தாவது காரணம் சற்று நியாயமானதாகத் தோன்றும். "குரங்கு மரவள்ளியைப் பிடுங்குகிறது, காட்டுப் பன்றி இளம் கன்றுகளைக் கிளறுகிறது, மரநாய் கோழியைக் கொண்டுபோகிறது. நாங்கள் என்ன செய்வது?" இந்தத் துன்பத்தை நான் மறுக்கவில்லை. வியர்வை சிந்தி வளர்த்ததை விலங்கு அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. எனினும் இவ்விடத்தில் இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக நடப்புக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளை மேலும் உயர்த்தியது. பாதுகாக்கப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். இருவாய்ச்சி போன்ற முழுப் பாதுகாப்புப் பெற்ற பறவைகளைத் தொடவே கூடாது. ஆக, உரிமமற்ற துப்பாக்கியால் காட்டில் ஒரு பறவையைச் சுடுபவர், ஒரே விசையில் இரண்டு சட்டங்களை மீறக்கூடும்.

மேலும், காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டு காட்டுப் பன்றியையோ பெருங்குரங்கையோ உடனே வீழ்த்துவதில்லை. காயம்பட்ட விலங்கு வெறிகொண்டு திரும்பும். அல்லது புதருக்குள் பல நாள் துடித்துச் சாகும். வீட்டை அண்டிய நாயையும் பூனையையும் குறிபார்க்கும் சிறுவர்களுக்கும் ஒரு சொல்: 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க வழிசெய்கிறது.

செம்பனைத் தோட்டங்களை அடுத்து வாழ்வோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே எலிகளை ஒழிக்கக் கம்பங்களில் பெட்டிகள் அமைத்துக் கூகைகளை வளர்க்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று தீர்க்கும். இரவில் அலறுகிறது, அபசகுனம் என்று அதனைச் சுடுபவர், கூலியின்றி உழைக்கும் காவற்காரனைக் கொல்கிறார்.

விலங்குத் தொல்லைக்கு வழி என்ன? முதலில் தோட்ட நிர்வாகத்திடம் முறையிடுங்கள். தொல்லை தொடர்ந்தால் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவுக்குத் தெரிவியுங்கள். பொறி வைப்பதும், தேவைப்பட்டால் உரிமம் பெற்றவர்களைக் கொண்டு நடவடிக்கை எடுப்பதும் அவர்களுடைய பணி. கோழிக் கூண்டுக்கு வலுவான கம்பி வலை அடித்தல், மாலையானதும் கோழிகளை அடைத்தல், குப்பையையும் மிஞ்சிய உணவையும் திறந்தவெளியில் கொட்டாதிருத்தல் ஆகியவை துப்பாக்கியைவிட அதிகப் பயன் தரும். குரங்குகளை லயத்துக்கு அழைத்து வருவது பெரும்பாலும் நாம் கொட்டும் குப்பையே.

உரிமம் பெற விரும்புவோர்

காற்றுத் துப்பாக்கியை எவருமே வைத்திருக்க இயலாதா என்றால், அப்படியன்று. சட்டம் கதவை அடைத்துவிடவில்லை. வாயிலில் காவலை வைத்திருக்கிறது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் உள்ளது. அருகிலுள்ள மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் விவரம் கேட்டு விண்ணப்பம் செய்யலாம். ஆயுதம் எதற்காகத் தேவை, அதனை எங்கே எப்படிப் பாதுகாப்பீர்கள், உங்கள் நடத்தை எத்தகையது என்பன ஆராயப்படும். விண்ணப்பித்த அனைவருக்கும் உரிமம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 'எல்லாரிடமும் இருக்கிறது, எனக்கும் வேண்டும்' என்பது காரணமாகாது.

இங்கே வரிசைமுறை முக்கியம். முதலில் அனுமதி, பிறகே கொள்முதல். அதுவும் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமிருந்தே. 'வாங்கிவிட்டு அப்புறம் பதிந்துகொள்ளலாம்' என்பது மோட்டார் சைக்கிளுக்கு வேண்டுமானால் பொருந்தலாம்; துப்பாக்கிக்குப் பொருந்தாது. உரிமம் குறித்த காலத்துக்கே செல்லும். அது முடியுமுன் புதுப்பித்தல் வேண்டும். அது ஒருவர் பெயருக்கு வழங்கப்படுவது. தந்தையின் உரிமம் மகனுக்கு உரிமை தராது. அண்ணனின் உரிமம் தம்பிக்கு உதவாது.

உரிமம் பெற்றவரும் வீட்டில் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும். குண்டுகளை வேறிடத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் இருத்தல் வேண்டும். குண்டு இல்லை என்று நம்பி எவரையும் நோக்கி ஒருபோதும் நீட்டலாகாது. மது அருந்தியவர் அதனைத் தொடவே கூடாது. விளையாட்டாக நீட்டிய துப்பாக்கியால் ஓர் உயிர் போய்விட்டால், தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு காத்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். அந்தச் சிறைவாசம் முடிந்துவிடும். அந்த நினைவு முடியாது.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்?

இப்போது இந்தப் பேச்சின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். காலஞ்சென்ற தாத்தாவின் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமம் இருந்ததா என்பது எவருக்கும் தெரியவில்லை. நினைவுப் பொருளாயிற்றே என்று தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அந்தக் குடும்பம் என்ன செய்தல் வேண்டும்?

செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்கிறேன். ஆற்றில் எறியாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள். மழை வெள்ளத்தில் அது வெளிப்பட்டு வேறொரு சிறுவன் கைக்குப் போய்ச் சேரலாம். எவருக்கும் விற்காதீர்கள்; இனாமாகவும் கொடுக்காதீர்கள். அது குற்றத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதாகும். காரிலோ மோட்டார் சைக்கிளிலோ வைத்துக்கொண்டு நீங்களாகவே நிலையத்துக்குப் புறப்படாதீர்கள். வழியில் சோதனைச் சாவடி இருந்தால், ஒப்படைக்கவே கொண்டுசெல்கிறேன் என்பதை மெய்ப்பிக்க நீங்கள் திண்டாட நேரும்.

செய்ய வேண்டியது இதுதான். அதனை எவரும் கையாளாதவாறு ஓரிடத்தில் வைத்துவிட்டு, அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசி வழியாகவோ நேரில் சென்றோ தெரிவியுங்கள். எப்போது, எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் கூறும்படி நடந்துகொள்ளுங்கள். கொடுத்ததற்கான போலீஸ் புகார் நகலைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். அச்சமாக இருந்தால் தனியே செல்லாமல் தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெற விரும்பினால், 2011ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் குற்றவியல் விவகாரங்களில் வசதி குறைந்த மலேசியர்களுக்குச் சட்ட உதவி வழங்குகிறது.

"ஒப்படைத்தால் வழக்கே வராது என்று உறுதி கூற முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அத்தகைய உறுதியைத் தரும் அதிகாரம் எனக்கில்லை. வழக்குத் தொடர்வதா இல்லையா என்பதை முடிவு செய்வோர் வேறு. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். தானாக முன்வந்து தெரிவிப்பவரின் நிலையும், சோதனையில் பிடிபடுபவரின் நிலையும் ஒருபோதும் ஒன்றாகா. மறைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குற்றம் தொடர்கிறது, ஆபத்தும் தொடர்கிறது.

எவருக்கேனும் காயம் பட்டால்

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் விபத்து நேர்ந்துவிட்டால், சட்டத்துக்கு அஞ்சிக் காயத்தை மறைக்காதீர்கள். இதுவே மிகப் பெரிய தவறு. ஈயக் குண்டின் வாய் சிறியது; வெளியே ஒரு புள்ளிபோல் தோன்றும். உள்ளே அது எவ்வளவு ஆழம் சென்றது என்பதை எக்ஸ்ரே படமே காட்டும். ஊசியாலோ கத்தியாலோ குண்டைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டாதீர்கள். இரத்தம் வடிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். கண்ணில் பட்டிருந்தால் அழுத்தவோ, கழுவவோ, கசக்கவோ கூடாது. சுத்தமான சிறு கிண்ணத்தைக் கண்ணின்மேல் படாதவாறு கவித்துக் கட்டி, அசையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 999 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். மருத்துவரிடம் நடந்ததை நடந்தவாறே கூறுங்கள். 'முள் குத்திவிட்டது' என்று சொன்னால், அவர் முள்ளுக்கான வைத்தியத்தையே செய்வார்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

குறிபார்த்துச் சுடுவதில் இளைஞர்களுக்கு ஆர்வம் இருப்பது இயல்பு. அந்த ஆர்வம் தவறன்று. இடந்தான் தவறாக இருக்கக் கூடாது. துப்பாக்கி சுடுதல் உலகமறிந்த விளையாட்டு. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. அதில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை நூர் சுர்யானி முகமது தைபி, எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தும் இப்போட்டியில் கலந்துகொண்டு உலகின் கவனத்தை ஈர்த்தார். மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, பயிற்றுநரின் கண்காணிப்பில் சுடுகளத்தில் நின்று சுடுவது வீரம். மரத்தடியில் ஒளிந்து நின்று கூட்டிலிருக்கும் குருவியைச் சுடுவதை வீரம் என்று எவர் சொல்வார்? ஆர்வமுள்ளோர் முறையாக இயங்கும் துப்பாக்கி சுடும் சங்கங்களை நாடிச் செல்லலாம்.

இன்னொன்று. குற்றப் பதிவு ஒன்று ஏற்பட்டுவிட்டால் அது இளைஞனை நிழல்போல் தொடரும். அரசாங்க வேலைக்கும், போலீஸ், இராணுவப் பணிக்கும், பாதுகாவலர் பணிக்கும் விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். தோட்டத்தை விட்டு வெளியேறி முன்னேற வேண்டும் என்று பெற்றோர் கண்ட கனவு, சில நூறு ரிங்கிட் பெறுமதியான ஒரு கருவியால் குலைந்துவிடலாகாது.

பெற்றோர்களே, குறிப்பாகத் தாய்மார்களே! பிள்ளைகளின் பெயருக்கு வரும் பொதிகளைக் கவனியுங்கள். பரணையும், கோழிக் கூண்டின் மேற்பகுதியையும், கட்டிலின் அடியையும் ஒருமுறை பாருங்கள். இன்றிரவு வீடு திரும்பியதும், "நம் வீட்டில் இப்படி ஏதேனும் இருக்கிறதா?" என்று குடும்பத்தாரைக் கேளுங்கள். இல்லை என்றால் நிம்மதியாக உறங்குங்கள். இருக்கிறது என்றால், நாளைக் காலையிலேயே போலீஸ் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் கைகள் பால் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவக் கற்றவை. ஒரு மயிரிழை ஆழம் கூடினாலும் மரம் கெடும் என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் எவர்? அந்த நிதானத்தை வீட்டிலும் கடைப்பிடிப்போமாக.